நிலமும் பொழுதும்: நீலகிரியை வரைந்த ஏடுகள்

மலை என்பது தமிழ்க் கவிஞனுக்கு வெறும் காட்சிப் பொருளன்று. அது ஒரு திணை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரமும் பூவும் புள்ளும் விலங்கும் பிறவும் கருப்பொருள் என்றும், அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்து வைத்தது தொல்காப்பியம். பாட்டுக்கென வகுக்கப்பட்ட இந்த இலக்கணம் ஓவியத்துக்கும் பொருந்துமா? நீலகிரியை வரைந்தவர்களின் ஏடுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது பொருந்தும் என்றே தோன்றுகிறது. கலைஞன் ஒருவன் தனக்கே உரிய ஓவியத் தொடர் ஒன்றை எவ்வாறு வளர்த்தெடுக்கிறான் என்ற கேள்விக்கும் அங்கே ஒரு விடை கிடைக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு ஏறிச் சென்ற பின்னர், உதகை ஆங்கிலேயரின் ஓய்விடமாக வளரத் தொடங்கியது. உடல்நலம் தேடி வந்த படை அதிகாரிகள் சிலர் பென்சிலும் வண்ணமும் கொண்டு வந்தனர். அவர்களுள் ஒருவரான கேப்டன் ரிச்சர்டு பாரன் 1835-இல் இங்குத் தங்கி வரைந்த காட்சிகள் 1837-இல் லண்டனில் அச்சாயின. அழகிய படங்கள்தாம். ஆயினும் அவை புதிய ஊர் ஒன்றைத் தொலைவில் இருப்போருக்கு அறிமுகம் செய்யும் படங்கள். ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வரைந்த வரிசையின் பகுதியாக நீலகிரி இடம்பெற, மேலும் நாற்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு வந்தவர் எட்வர்டு லியர். நகைப்புப் பாட்டுகளின் ஆசிரியராகவே உலகம் அவரை அறியும். அவரோ தம்மை ஓவியராகவே கருதினார். 1812-இல் பிறந்த லியர் இருபது வயதுக்குள்ளாகவே கிளிகளைப் பற்றிய பெரும் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். 1846-இல் விக்டோரியா அரசிக்குச் சில நாள் வரைகலை கற்பித்தார். வலிப்பு நோயும் மார்புச் சளியும் மங்கிய பார்வையும் அவரை வாழ்நாளெல்லாம் வருத்தின. அந்நிலையில், வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 61. உடன் வந்தவர் பல்லாண்டுப் பணியாளரான ஜியார்ஜியோ கொக்காலி.

1874-இல் காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சை ஆகிய ஊர்களைக் கண்ட பின் அவர் குன்னூருக்கும் உதகைக்கும் வந்தார். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-இல்தான். அவர் வந்தபோது மலைப்பாதை ஒன்றே வழி. அங்கிருந்து மலபார்க் கரைக்கும் இலங்கைக்கும் சென்று, 1875 தொடக்கத்தில் இந்தியாவை விட்டு நீங்கினார்.

லியர் வரைந்த முறைதான் நாம் கருதத்தக்கது. காட்சிக்கு எதிரே அமர்ந்து பென்சிலால் விரைவாகக் கோடுகளை இடுவார். தாளின் ஓரத்தில் ஊரின் பெயர், நாள், பல தாள்களில் மணி, அவற்றோடு வரிசை எண் ஆகியவற்றைக் குறிப்பார். பாறை என்ன நிறம், நிழல் எங்கே விழுகிறது, அந்த மரம் எது என்பனவற்றைப் படத்தின் மேலேயே எழுதி வைப்பார். அக்குறிப்புகளிலும் வேடிக்கையான எழுத்துக்கூட்டல்கள் எட்டிப் பார்க்கும். பின்னர், ஓய்வு கிடைத்தபோது, மங்கும் பென்சில் கோடுகளின்மீது மையிட்டு, குறிப்புகளைப் பார்த்து மென்மையாக நீர்வண்ணம் பூசுவார். பயணத்தின் பாதி கூட முடியாத 1874 ஏப்ரலிலேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் சேர்ந்துவிட்டன. இவை தவிரச் சிறு வரைவேடுகளும் நாட்குறிப்புகளும் தனி. அவருடைய நாட்குறிப்புகளும் ஆயிரக்கணக்கான வரைபடங்களும் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஹூட்டன் நூலகத்தில் உள்ளன.

ஊரும் நாளும் மணியும் என்றால் நிலமும் பொழுதும் அல்லவா? தொல்காப்பியத்தை அறியாத அவ்வோவியர், தாள்தோறும் முதற்பொருளை எழுதிய பின்னரே அடுத்த தாளுக்குச் சென்றார். அத்தாள்களை ஒரு தொடராகப் பிணைப்பது இந்தப் பழக்கமே. தனித்தனியே பார்த்தால் அவை முடிவுறாத படங்கள். எண் வரிசையில் வைத்தால் ஒரு மனிதனின் கண் நாள்தோறும் சென்ற வழி தெரியும்.

அத்தாள்கள் அவருக்கு விதைநெல்லாகவும் இருந்தன. 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கில் வரைந்த கோட்டுப்படங்களிலிருந்தே, ஊர் திரும்பிய பின்னர், கஞ்சன்ஜங்காவின் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் பிறந்தன. கவிஞர்கள் அறிய வேண்டிய இன்னொரு முயற்சியும் உண்டு. டென்னிசன் கவிதைகளின் வரிகளுக்குத் தாம் கண்ட நிலக்காட்சிகளைப் பொருத்தி இருநூறு ஓவியங்கள் கொண்ட தொடர் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது லியரின் கனவு. 1850-களில் முளைத்த அவ்வெண்ணம் இறுதிவரை அவரை விடவில்லை. படங்களை அச்சிட ஏற்ற முறை கிட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறைகளை முயன்று தோற்றார். 1888-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, மூன்று கவிதைகளோடு அப்படங்களில் சிலவற்றை மட்டும் கொண்ட நூல் ஒன்று நூறு படிகளே வெளிவந்தது. தொடர் நிறைவுறவில்லை, அதற்கு ஊற்றான தாள்கள் நிலைத்தன.

லியருக்கு முன்பே இம்மலையின் செடிகொடிகளை வரைந்த இரு தென்னிந்திய ஓவியர்களை நாம் மறக்கலாகாது. ரங்கையா, கோவிந்து என்பன அவர்தம் பெயர்கள். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ராபர்ட் வைட்டுக்காக அவர்கள் வரைந்தனர். முதலில் ரங்கையாவும், 1840-களின் நடுப்பகுதி முதல் கோவிந்துவும் அப்பணியை மேற்கொண்டனர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ‘ஐகோனஸ்’ தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. நீலகிரித் தாவரங்களுக்கென்றே ‘ஸ்பிசிலேஜியம் நீல்கெரென்ஸே’ என்னும் வண்ணப் படநூல் 1846-க்கும் 1851-க்கும் இடையே சென்னையில் வெளியாயிற்று. இலையின் நரம்பும் பூவின் உள்ளுறுப்பும் வழுவாத அவ்வோவியங்கள் கருப்பொருளின் களஞ்சியம் எனலாம். ஆனால் செடி வெற்றுத் தாளில் நிற்கிறது. அதைச் சூழ்ந்த சரிவும் இல்லை, பனியும் இல்லை, பொழுதும் இல்லை. அறிவியல் அதையே வேண்டியது.

எதை வரைவது என்பதை முடிவு செய்தவர் வைட். ஆகவே எண்ணிக்கையில் பெரிதான அத்தொடரை ஓவியர்களின் சொந்தத் தொடர் என்று கூற இயலவில்லை. எனினும் வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. படங்களின் அடியில் அவர்தம் பெயர் அச்சாயிற்று; 1853-இல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்றே அவர் பெயரிட்டார். பிற்காலத்தில் அப்பெயர் வழக்கிழந்து, அச்செடி வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டது. எடின்பரோவில் பாதுகாக்கப்படும் மூல ஓவியங்களை ஆராய்ந்து ஹென்றி நோல்ட்டி 2007-இல் எழுதிய நூலின் வாயிலாகவே இவ்விருவரும் மீண்டும் பரவலாக அறியப்பட்டனர். லியரின் நாட்குறிப்புகள் முப்பது தொகுதிகள் கிடைத்திருக்க, கோவிந்துவின் மனத்தை அறிய அவருடைய தூரிகைக் கோடு ஒன்றே நமக்குத் துணை.

இனி உரிப்பொருள். அதைத் தேடி அயலார் ஏடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோத்தகிரிப் பகுதியின் ஆலு குறும்பர் சுவரிலும் பாறையிலும் வரையும் மரபினர். வேங்கைமரப் பிசினும் இலைச்சாறும் அவர்களுக்கு வண்ணம். தேனெடுத்தல், அறுவடை விழா, ஆடல், வழிபாடு ஆகியன அவர்களின் ஓவியங்களில் இடம்பெறும். மலை அங்கே பின்புலமாக ஒதுங்கி நிற்பதில்லை. மனிதர் ஏறுகின்றனர், இறங்குகின்றனர், கூடி ஆடுகின்றனர். வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த கிருஷ்ணன் இம்மரபைத் தாளுக்குக் கொண்டு வந்தவர். நிலமும் பொழுதும் எழுதி வைக்கத் தேவையற்ற அளவுக்கு அவற்றுக்குள்ளேயே வாழ்ந்தவர்களின் கலை இது.

ஆயினும் இம்மலையின் உரிப்பொருள் முழுவதும் வரையப்பட்டுவிட்டதா? 1860-களிலிருந்து சோலைகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களில் தேயிலையும் சின்கோனாவும் யூக்கலிப்டஸும் பரவின. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்ந்து வந்த தமிழர்களுக்கு வேலையளிக்க, 1968-இல் அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே 1976-இல் டான்டீ நிறுவனமாயிற்று. கொழுந்து பறிக்கும் கைகளும் லயத்துக் குடியிருப்புகளும் கடல் கடந்து திரும்பியவர்களின் நினைவுகளும் அதன் பின்னர் குறிஞ்சியில் சேர்ந்தவை. நாளும் மணியும் இட்டு, எண் வரிசையில் அவற்றைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஏடுகள் நமக்கு வேண்டும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் இலக்கிய வட்டத்து அன்பர்களுக்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. நம் கவிதைகளில் பனியும் முகடும் நிறைய வருகின்றன. எந்த ஊர்ப் பனி, எந்த மாதத்து முகடு என்பது பெரும்பாலும் வருவதில்லை. நூல் வெளியீட்டை எண்ணி எழுதும் நாம், முடிவுறாத தாள்களைச் சேர்த்து வைப்பதில்லை. உடல் நலிந்த முதியவர் ஒருவர் ஊரும் நாளும் குறித்துத் தாள் தாளாகச் சேர்த்ததால்தான் 1874-ஆம் ஆண்டின் குன்னூர்க் காட்சிகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வெற்றேட்டோடு வருவோம். படமாயினும் பாட்டாயினும், முதல் பக்கத்தில் நிலத்தையும் பொழுதையும் எழுதுவோம். அங்கு வாழ்பவர் பெயரையும் கேட்டு எழுதுவோம்.