மெத்தா

பாலியில் 'மித்த' என்றால் நண்பன், வடமொழியில் மித்திரன். அதன் வழி வந்த சொல் மெத்தா: எல்லோருக்கும் நலம் விரும்பும் நட்புணர்வு. வடமொழியில் மைத்ரி. அதை வெறுமனே அன்பு என்று சொன்னால், பற்றும் அதற்குள் நுழைந்துவிடும். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் 'விசுத்திமக்க' என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், பற்றுதான் மெத்தாவின் பக்கத்திலேயே இருக்கும் பகை என்கிறார். இரண்டுமே ஒருவரிடம் நல்லதையே காண்பதால் எளிதில் ஏமாந்துவிடுவோம். வெறுப்பு தூரத்துப் பகை.

மெத்தா தியானத்துக்குப் புத்தகோசர் தரும் வரிசை: முதலில் தான், பிறகு குரு, நெருங்கிய நண்பர், நமக்கு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். எனக்கு நான்காமவரே முக்கியம். விடியுமுன் வாசலில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிறவர் போன்ற ஒருவர். அவர் முகத்தை நினைத்து 'நலமாயிருக்கட்டும்' என்று சொல்லிப் பழகினால், அவர் பெயரைக் கேட்டுவைக்கத் தோன்றும்.