டேப்பட் சத்தமும் 15 தௌ இடைவெளியும்

குயிலாப்பாளையத்தில் ஒரு பட்டறைக் கொட்டகை. மரக்காணம் உப்பளங்களுக்குப் போய்வந்து உழைத்த பழைய அம்பாசடரின் டேப்பட் கவரைக் கழற்றி வைத்திருக்கிறார் மெக்கானிக். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதன் இடைவெளியைப் பார்க்கிறார். ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஃபீலர் கேஜின் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்கி வரவேண்டும். 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, 0.38 மி.மீ. "சத்தம் வந்தா பயமில்ல சார். சத்தமே இல்லன்னாதான் திறந்து பாக்கணும்" என்றார். கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டேப்பட்டின் வரலாற்றை இந்தச் சொல்லிலிருந்து படிக்கவேண்டும் என்பது என் துணிபு.

தொடக்ககால இன்ஜின்களில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உறிஞ்சும் விசையிலேயே திறந்துகொண்டது. 1901இல் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் வில்ஹெல்ம் மேபாக் எக்ஸாஸ்ட் வால்வைப்போல அதையும் கேமுக்குக் கட்டுப்படுத்தினார். தட்டும் இடங்கள் கூடின. சூட்டில் வால்வுத் தண்டு நீளும் என்பதால் இடைவெளி விட்டே ஆகவேண்டும். விட்டால் தட்டும், தட்டினால் தேயும், தேய்ந்தால் சத்தம் இன்னும் ஏறும். ஃபோர்டு மாடல் டி-யில் (1908–1927) இதைத் திருத்த ஒரு திருகுகூடக் கிடையாது. இடைவெளி குறைந்தால் தண்டின் நுனியை அரைக்கவேண்டியதுதான்.

இந்தச் சத்தத்தைப் போக்க, அமெரிக்கரான சார்லஸ் நைட் தட்டும் வால்வையே ஒழித்தார். பிஸ்டனைச் சுற்றி இரண்டு உறைகள் மேலும் கீழும் வழுக்கின. டைம்லர், மினெர்வா நிறுவனங்கள் இதை ஏற்றன. ஓட்டம் அமைதியானது, ஆனால் எண்ணெயைக் குடித்தது. பிரான்சின் அமேதே பொல்லே 1910 வாக்கில் எண்ணெய் அழுத்தத்தாலேயே இடைவெளியை நிரப்பும் வழியைக் கண்டார். 1930இல் காடிலாக்கின் 16 சிலிண்டர் இன்ஜின் அதே நோக்கத்தில் எண்ணெயைப் பயன்படுத்தியது.

நம் சாலைகளுக்கு வந்தது மூன்றாவது வழி. இடைவெளி இருக்கட்டும், அடி மெதுவாக விழட்டும் என்பது அதன் கணக்கு. கேமின் ஏற்றத்தைத் தொடக்கத்தில் சாய்வாக்கினார்கள். டேப்பட்டின் நடுவைக் கேமின் நடுவிலிருந்து சற்றே விலக்கினார்கள். ஒவ்வொரு தூக்கலிலும் அது கொஞ்சம் சுழலும், தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுழலாமல் மாட்டிக்கொண்ட டேப்பட் ஒன்றை அந்த மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தின் குறுக்கே விரல்நகம் இறங்கும் அளவுக்கு ஒரே பள்ளம். பின்னர் எண்ணெயில் துத்தநாகச் சேர்மங்கள் கலக்கப்பட்டு, உரசும் முகங்களுக்குக் கவசமாயின.

1957இல் அம்பாசடர் வந்தபோது அதிலிருந்தது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். 1959இல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் வந்தது. அசைவை மேலே கொண்டுபோகப் புஷ் ராடும் ராக்கரும் சேர்ந்ததால் தேயும் மூட்டுகள் பெருகின. ஆனால் திருகு மேலே, கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. எந்தத் தெருவோரப் பட்டறையிலும் ஒரு ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ் போதும். அதே 1959இல் சென்னையில் ரானே குழுமத்தின் இன்ஜின் வால்வ்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த இன்ஜினை இங்கே இத்தனை காலம் வாழவைத்தன என்று கருதுகிறேன்.

மெக்கானிக் சொன்னதன் காரணம் எக்ஸாஸ்ட் வால்வில் இருக்கிறது. அது தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கிவைக்கும். டேப்பட் இறுக்கமானால் வால்வு சரியாக உட்காராது. இடுக்கில் தீ சீறி விளிம்பு கருகும். அதுவரை சத்தமே வராது.

கவரைப் பூட்டி இன்ஜினை ஓடவிட்டார். ஸ்க்ரூடிரைவர் முனையை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தார். டிக்டிக் என்று சீராக வந்தது. தலையசைத்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார்.