பெற்றோலிலிருந்து ஈயம் போனது யாருக்காக?

எஞ்சின் ரியூன் பண்ணுகிறவர்கள் காரின் புகைக்குழாயில் துளை போட்டு, மரை வெட்டிய வளையம் ஒன்றை வெல்டிங் பண்ணி, அதற்குள் விரலளவு சாமான் ஒன்றை இறுக்குவார்கள். அதுதான் ஒட்சிசன் சென்சர். இந்தச் சின்னச் சாமானின் கதை ஒரு நகரத்தின் மூச்சுத்திணறலில் தொடங்குகிறது.

1943 கோடையில் லொஸ் ஏஞ்சல்ஸை ஒரு புகைமூட்டம் மூடியது. சனங்களுக்குக் கண் எரிந்தது. யுத்த காலம் என்பதால் எதிரியின் வாயுத் தாக்குதலோ எண்டுகூடச் சிலர் பயந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி விடை சொன்னார்: கார்ப் புகையில் உள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயில் பட்டு ஓசோனை உண்டாக்குகின்றன. எதிரி வெளியில இல்லை, வீட்டு வாசலில்தான் நின்றது.

1970இல் அமெரிக்கா தூய வளிச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புதிய கார்களின் புகையில் ஐதரோகாபனையும் காபனோரொட்சைட்டையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கார்க் கொம்பனிகள் ஏலாது என்றன. கடைசியில் கைகொடுத்தது பிளாற்றினம் பூசிய ஊக்கி. மூன்று நச்சுகளையும் ஒன்றாகச் சுத்திகரிக்கும் ஊக்கிக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. கொஞ்சம் பிசகினாலும் வேலை செய்யாது. இந்த அளவைக் காவல் காக்கத்தான் பொஷ் நிறுவனத்தின் சென்சர் 1976இல் வொல்வோ கார்களில் வந்தது.

சென்சரின் சேர்க்கோனியா பீங்கானுக்கு ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ஒட்சிசன் வித்தியாசம் மின்னழுத்தமாக மாறும்: பெற்றோல் கூடினால் 0.9 வோல்ற் அளவு, காற்று கூடினால் 0.1. சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அது பேசும். ஆகவே ஆரம்பகாலச் சென்சர்களை எஞ்சினுக்குக் கிட்டப் பூட்ட வேண்டியிருந்தது. நேர்கீழாகவும் பூட்டக்கூடாது, தண்ணீர் தேங்கினால் பீங்கான் வெடிக்கும். சென்சருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, அளவு பொய்யாகிவிடும்.

இதில் எங்களை உறுத்துகிற இடம் ஈயம்தான். 1921இல் தோமஸ் மிட்ஜ்லி எஞ்சின் தட்டுவதைத் தடுக்க ஈயச் சேர்மத்தைக் கண்டார். 1924இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1974இல் அமெரிக்க நிலையங்களில் ஈயமில்லாத பெற்றோல் கட்டாயமானது. முதற்காரணம் ஈயம் ஊக்கியைக் கெடுக்கும் என்பதே. பிறகு வந்த சென்சரையும் அது கெடுத்தது.

1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 சதவீதம் குறைந்தது. இயந்திரத்தைக் காப்பாற்றப் போட்ட விதி பிள்ளைகளையும் காப்பாற்றியது. நல்லதுதான். ஆனால் செத்த அந்த ஐந்து பேரால் முடியாததை ஒரு பிளாற்றினப் பூச்சு செய்ய வைத்தது என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. உலகின் கடைசி ஈயப் பெற்றோல் அல்ஜீரியாவில் நின்றது 2021இல்தான். அந்த 2021 எங்கள் எல்லாருக்கும் ஞாபகமிருக்கிற வருடம்.