பத்துமலையின் வண்ணங்கள் சொல்லும் வரலாறு



பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இந்தப் படியெல்லாம் அந்தக் காலத்துலயே இப்படிக் கலர் கலரா இருந்துச்சா?"

"இல்லம்மா, இந்தக் கலருக்கு உன்னைவிட வயசு கம்மி" என்றேன். அவளால் நம்ப முடியவில்லை!

பத்துமலையின் முதல் வண்ணம் இயற்கை தந்தது. இச்சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையானது. தூய சுண்ணாம்புக்கல் வெண்மையாக இருக்கும். இரும்பு கலந்த இடம் செம்பழுப்பாகும்; கரிமம் கலந்த இடம் சாம்பல் நிறமாகும். ஈரமும் வெளிச்சமும் சேரும் இடத்தில் பாசி படர்ந்து பச்சையாகும்.

மற்ற வண்ணங்கள் மனிதர் தந்தவை. கே. தம்புசாமி பிள்ளையின் முயற்சியால் இங்கு முருகன் வழிபாடு தொடங்கியது. 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. 1940-இல் 272 காங்கிரீட் படிகள் வந்தன. 2006 ஜனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை பொன்னிறத்தில் எழுந்தது. 2018 ஆகஸ்டில், குடமுழுக்கையொட்டிப் படிகள் வானவில் நிறம் பெற்றன.

அப்போது ஒரு சர்ச்சையும் எழுந்தது. அனுமதி பெறாமல் வண்ணம் பூசியதாகத் தேசிய மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது. "அழகாத்தானே இருக்கு" என்றனர் சிலர். "பழைய தோற்றம் போயிடுச்சே" என்றனர் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. கோயில் வாழும் இடம்; அங்கே புது வண்ணம் ஏறுவது நம் மரபுதான். ஆனால், முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், அடுத்த தலைமுறை இன்றைய நிறத்தையே பழமை என்று எண்ணிவிடும். அந்த மாணவியின் கேள்வியே அதற்குச் சாட்சி.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். வீட்டிலுள்ள பழைய தைப்பூசப் படங்களை மாணவர்கள் கொண்டு வரட்டும். படிகளின் முன்புறம் தெரியும் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையான சிலை இல்லையென்றால் அது 2006-க்கு முந்தியது. சிலை இருந்து வானவில் படி இல்லையென்றால் 2006-க்கும் 2018-க்கும் இடைப்பட்டது. இரண்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது.

தாத்தா பாட்டியின் ஆல்பமும் வரலாற்றுச் சான்றுதான் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.