குத்தகை

அவுட்சோர்சிங் என்பதற்கு அயலாக்கம், புறத்திறனீட்டம் என்றெல்லாம் புதுச்சொற்கள் வந்துவிட்டன. இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எனக்கு முதலில் வாயில் வருவது குத்தகைதான். கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த, மலையாளத்தில் குத்தக என அக்கம்பக்கமெல்லாம் சொந்தம் உள்ள சொல். கன்னடக்காரர் ஒப்பந்தக்காரரைக் குத்திகெதார என்பார். மலையாளத்தில் குத்தக என்றால் ஏகபோகம்.

வயலில் குத்தகை வேறு, வாரம் வேறு. வாரத்தில் விளைந்ததைப் பங்கு போடுவார்கள். குத்தகையில் விளைந்தாலும் பொய்த்தாலும் பேசியதை நிலக்காரனுக்கு அளந்தாக வேண்டும்.

அவுட்சோர்சிங்கிலும் ஒரு குத்தகையைப் பார்ப்போம். 2009இல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம், தன் செல்போன் வலையமைப்பை அன்றாடம் பார்த்துக்கொள்ளும் வேலையை ஸ்வீடனின் எரிக்சனிடம் விட்டது. 7 ஆண்டுகளுக்கு 450 முதல் 500 கோடி டாலர் வரை. சுமார் 6,000 ஊழியர்கள் எரிக்சனுக்கு மாறினார்கள். இங்கே பணம் தலைகீழாக ஓடியது: உழுகிறவனுக்கு நிலக்காரன் அளக்கிறான். ஆனால் கோபுரத்தில் இருந்த கருவிகள் ஸ்பிரிண்டுடையவையாகவே இருந்தன, எதை எப்போது மாற்றுவது என்ற முடிவும் அதனுடையதாகவே இருந்தது. ஆள் வைத்து உழுதாலும் புதுக் கிணறு வெட்டுகிற செலவு நிலக்காரன் தலையில்தானே!

அந்தக் கிணற்றுக் கணக்கு 2011 அக்டோபர் 7 அன்று வந்தது. 4ஜி எல்டிஇ தொழில்நுட்பத்துக்கு வேகமாக மாறும் திட்டத்தை ஸ்பிரிண்ட் விவரித்தது. அதற்குப் பணம் எங்கே என்று முதலீட்டாளர்கள் கலங்கினார்கள். பங்கு விலை ஒரே நாளில் சுமார் 20 சதவீதம் சரிந்தது.