சிரக்கியூஸ் பல்கலைக்கழக அணியின் 1959ஆம் ஆண்டு வெற்றி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் புள்ளிகளின் பட்டியலாகவோ வீரர்தம் புகழ்மாலையாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. மறுபுறத்தில், விளையாட்டை மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் வெறுங் கேளிக்கையெனக் கொண்டு ஒதுக்கிவிடும் மார்க்சியர் சிலரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் குறைபாடுடையன. மேற்கிந்தியக் கிரிக்கெட்டை ஆராய்ந்து சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூல், ஒரு சமூகத்தின் முரண்பாடுகள் ஆடுகளத்திலும் தொழிற்படுமாற்றை எடுத்துக்காட்டிற்று. அத்தகைய நோக்கில், அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் தோல்வியே காணாது சம்பியனான ஓர் அணியின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டத்தினின்றும் வேறுபட்டது. பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியினரை உடல்வலிமையால் தடுத்தும் ஆடப்படுவது. நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் பல்கலைக்கழக அணி, பென் சுவாட்ஸ்வோல்டர் என்னும் பயிற்றுநரின் கீழ், 1959ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்து ஆட்டங்களிலும் வென்றது. அவற்றில் அது பெற்ற புள்ளிகள் 390; எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை 59 மட்டுமே. ஐந்து அணிகள் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் ஒன்றே 20–18 என நெருக்கமாக முடிந்தது.

எனினும், சம்பியன் பட்டம் அக்காலத்தில் இறுதியாட்டம் ஒன்றினாற் தீர்மானிக்கப்படவில்லை. செய்தி நிறுவனங்கள் நடத்திய வாக்கெடுப்புகளே அதனை வழங்கின. 1960 ஜனவரி 1ஆம் திகதி டலஸ் நகரில் ரெக்சாஸ் பல்கலைக்கழக அணியுடன் ஆடிய கொட்டன் போல் ஆட்டத்துக்கு முன்னரே சிரக்கியூஸ் சம்பியனாக அறிவிக்கப்பட்டிருந்தது. கல்லூரி உதைபந்தாட்டம் பத்திரிகைத் துறையோடும் வணிகத்தோடும் எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வணிகத்துக்கு உழைப்பை நல்கியவர் எவர்? ஊதியமற்ற மாணவரே. 1956இல் விளையாட்டுத் திறனுக்கான உதவித்தொகை நாடளாவிய விதிகளில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதனைப் பெற்ற ஆட்டக்காரர் தொழிலாளராகக் கருதப்படவில்லை. ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த மாணவர் ஒருவரின் மனைவி கேட்ட நட்டஈட்டை, அவர் கல்லூரியின் ஊழியர் அல்லர் எனக் கூறிக் கொலராடோ மாநில உயர் நீதிமன்றம் 1957இல் மறுத்தது. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்னும் தொடர் அப்பத்தாண்டில் ஒரு சட்டக் கேடயமாகவே உருவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் வருமானத்தில் ஒரு பங்கினை வீரருக்கு நேரடியாக வழங்குவதற்கு 2025ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

சிரக்கியூஸ் அணியிலே எர்னி டேவிஸ், ஜோன் பிரவுண், ஆர்ட் பேக்கர் ஆகிய கறுப்பின வீரர் மூவர் ஆடினர். ரெக்சாஸ் அணியோ முற்றிலும் வெள்ளையரைக் கொண்டது. டலஸ் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டேவிஸ் எறிபந்தொன்றைப் பற்றி, 87 யார் தூரத்தைக் கடந்து புள்ளி ஈட்டினார். 23–14 என்ற கணக்கில் சிரக்கியூஸ் வென்றது. டேவிஸ் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகத் தெரிவானார். ஆட்டத்தின்போது கைகலப்பும் நிகழ்ந்தது. இனநிந்தனை செய்யப்பட்டதெனச் சிரக்கியூஸ் வீரர் குற்றஞ்சாட்ட, ரெக்சாஸ் தரப்பினர் அதனை மறுத்தனர்.

1961இல் கல்லூரி உதைபந்தாட்டத்தின் அதியுயர் விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் டேவிஸ் ஆவார். அதனையடுத்து அவரை முதலாவதாகத் தெரிவுசெய்தது வொஷிங்டன் தொழில்முறை அணி. அதுவரை கறுப்பினத்தவர் ஒருவரையேனும் சேர்க்காதிருந்த கடைசி அணியும் அதுவே. அதன் மனமாற்றத்துக்கு நல்லெண்ணம் காரணமன்று. அவ்வணி பயன்படுத்திய புதிய விளையாட்டரங்கு கூட்டாட்சி அரசின் நிலத்தில் அமைந்திருந்தமையால், அரசு விதித்த நிபந்தனையே காரணமாயிற்று. டேவிஸ் பின்னர் கிளீவ்லாந்து அணிக்கு மாற்றப்பட்டார். ஆயின் இரத்தப் புற்றுநோயால் தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடாமலே 1963 மே 18ஆம் திகதி, தமது 23ஆவது வயதில் காலமானார்.

டேவிஸின் வாழ்வை இன ஒற்றுமையின் வெற்றிக் கதையாகச் சித்திரிப்போர் பலர். அவர்தம் கூற்றை வரலாறு முழுமையாக ஆதரிக்கவில்லை. சிரக்கியூஸ் வென்று பத்து ஆண்டுகள் கழிந்த பின், 1969இல், அதே ரெக்சாஸ் அணி ஆடிய பதினோர் ஆட்டங்களிலும் வென்று சம்பியனாயிற்று. அப்பொழுதும் அதன் முதன்மை அணியில் வெள்ளையர் மட்டுமே இருந்தனர். எனவே, தோல்வியின்மை என்பது தன்னளவில் முற்போக்கானதும் அன்று, பிற்போக்கானதும் அன்று. கலப்பு அணியும் வெல்லலாம். ஒதுக்கலைப் பேணும் அணியும் வெல்லலாம்.

இதனினும் மனங்கொள்ளத்தக்கது சிரக்கியூஸிலேயே 1970இல் நிகழ்ந்தது. அதே பயிற்றுநரின் கீழ் ஆடிய கறுப்பின வீரர் ஒன்பதின்மர் வசந்தகாலப் பயிற்சியைப் புறக்கணித்தனர். அவர்களின் கோரிக்கைகள் தெளிவானவை: வெள்ளையர் மட்டுமே இருந்த பயிற்றுநர் குழாத்திற் கறுப்பினத்தவருக்கு இடம், கல்வியில் சமமான உதவி, திறமை நோக்கிய தெரிவு, அணியினர் அனைவருக்கும் மேலான மருத்துவ வசதி. இறுதிக் கோரிக்கை வெள்ளை வீரரையும் உள்ளடக்கியமை கவனிக்கற்பாலது. இனத்தின் பெயரால் எழுந்த போராட்டம், உழைப்போர் அனைவரதும் பொது நலனை ஈண்டு தொட்டு நிற்கின்றது. இவ்வொன்பதின்மரும் அப்பருவ ஆட்டங்களை இழந்தனர். பல்கலைக்கழகம் அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2006இலேயே.

கறுப்பினத்தவரின் உடலுழைப்பை ஏற்ற நிறுவனம், அவர்கள் அதிகாரத்தில் பங்கு கேட்டபொழுது அதனை மறுத்தது. 1959ஆம் ஆண்டு வெற்றியின் உள்ளார்ந்த முரண்பாடு இதுவே. டலஸ் ஆட்டம் நிகழ்ந்து சரியாக ஒரு மாதத்தின் பின், 1960 பெப்ரவரி 1ஆம் திகதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவுமேடையில் அமர்ந்து எழ மறுத்தனர். அவர்கள் பெற்ற புள்ளிகளை எந்தச் செய்தி நிறுவனமும் கணக்கிட்டதில்லை. ஆடுகளத்தின் வெற்றி ஒரு சமூகத்தின் மனத்தடைகளைத் தளர்த்தக்கூடும். அதன் அமைப்பை மாற்றுவது கூட்டாகச் செயற்படும் மக்களே. சிரக்கியூஸ் வரலாற்றில் ஆடி வென்றவரோடு, ஆட மறுத்து நின்ற ஒன்பதின்மரையும் சேர்த்தே நாம் மதிப்பிடுதல் வேண்டும்.