இணக்கம் என்னும் சொல்

பாடசாலையை விட்டு நீங்கும் மாணவனுக்குத் தலைமையாசிரியர் நற்சான்றுப் பத்திரம் எழுதுகிறார். ‘ஒழுக்கமும் அடக்கமும் இணக்கமும் உள்ளவன்’ என்ற வரி அதில் தவறாது இடம்பெறுகிறது. எழுதுபவரும் படிப்பவரும் மூன்றையும் ஒரே பாராட்டாகக் கொண்டு அப்பாற் செல்கின்றனர். யாருக்கு அடக்கம், எதனோடு இணக்கம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் மூன்று சொற்களும் மூன்று திசையில் பிரிந்துவிடும்.

‘இணக்கம்’ இணையோடு உறவுடைய சொல். இருவர் சமமாக நின்று ஒருவரையொருவர் நோக்கி நகர்வதே அதன் அடிப்பொருள். ‘ஒழுக்கம்’ ஒழுகுதலிலிருந்து பிறந்தது. நீர் தன் வழியே ஒழுகுவதுபோல மனிதன் தான் தேர்ந்த நெறியில் நடப்பதை அது குறிக்கும். ‘அடக்கம்’ தன்னைத் தான் அடக்குவதாயும் இருக்கலாம், பிறரால் அடக்கப்படுவதாயும் இருக்கலாம். இவற்றுக்கு வெளியே மக்கள் வழக்கில் இன்னொரு சொல்லும் உண்டு. நாதஸ்வரக்காரர் எந்த இராகத்தை வாசித்தாலும் பக்கத்தில் நிற்பவர் ஒரே சுருதியை விடாது ஊதுவார். அவரைப் பார்த்து மக்கள் படைத்த சொல் ‘ஒத்தூதுதல்’. மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு மேலிடத்துக்குத் தலையாட்டுபவனை இதனினும் நன்றாக எச்சொல்லும் சுட்டிவிட முடியாது.

ஆங்கிலத்தில் இவையனைத்தையும் ‘கொன்போமிற்றி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம். ‘ஒரே வடிவாக ஆதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. வடிவம் என்றால் அச்சு ஒன்று இருக்கவேண்டும். அச்சு என்றால் அதைப் பிடித்திருக்கும் கை ஒன்றும் இருக்கவேண்டும். அந்தக் கை யாருடையது என்பதை இங்கிலாந்தின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1649இல் இங்கிலாந்து மக்கள் தம் மன்னனின் தலையை வாங்கினர். பதினோராண்டுகளின் பின், 1660இல், முடியாட்சி மீண்டது. மன்னரோடு நிலப்பிரபுக்களும் மேற்றிராணிமாரும் மீண்டனர். இடைக்காலத்தில் சாதாரணக் கைவினைஞரும் போர்வீரரும் வேதத்தைத் தாமே படித்து, தாமே பிரசங்கித்து, நிலம் யாருக்குரியது என்றுகூடக் கேட்கத் தொடங்கியிருந்தனர். அக்குரல் மீண்டும் எழாதிருக்க வேண்டுமாயின் கோயில் மேடை அரசின் கையில் இருக்கவேண்டும் என்பதை ஆளும் வர்க்கத்தார் நன்குணர்ந்தனர். 1662இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒருசீர்மைச் சட்டம் இவ்வுணர்விலே பிறந்தது.

பொது வழிபாட்டுப் புத்தகத்திலுள்ள அனைத்தையும் மனமார ஏற்பதாகக் குருமார் ஒவ்வொருவரும் அவ்வாண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதிக்குள் உறுதிகூற வேண்டும். மறுப்பவர் பதவியிழப்பர் என்றது அச்சட்டம். நாள் குறித்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. தசமபாக வருமானம் செப்டெம்பர் இறுதியிலேயே கைக்கு வரும். ஒரு மாதம் முன்னதாக வெளியேறியவர் அவ்வாண்டின் ஊதியத்தையும் இழந்தார். 1660 முதல் 1662 வரை ஏறத்தாழ 2,000 குருமார் தம் பதவிகளை இழந்தனர். குடும்பத்தோடு தெருவில் நின்ற இவர்களுக்கு ‘நொன்கொன்போமிஸ்ற்’, அதாவது இணங்காதார், என்ற பெயர் நிலைத்தது. அப்பெயர் முன்னரும் இருந்ததுதான். திருச்சபைக்குள்ளே இருந்துகொண்டு வெள்ளை மேலங்கி அணியவும் முழந்தாளிடவும் மறுத்தவர்களை அது குறித்தது. 1662இன் பின் அது திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டோரின் பெயராயிற்று. ஒரு சடங்கைப் பற்றிய கருத்து வேறுபாடு சட்டத்தின் கைபட்டு ஒரு சமூகப் பிரிவாக மாறியது.

ஆசிரியராக உள்ள வாசகர்கள் இச்சட்டத்தின் இன்னொரு பகுதியையும் கருதிப் பார்த்தல் வேண்டும். அது குருமாரோடு நின்றுவிடவில்லை. பாடசாலை நடத்துவோரும், வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் அவ்வாறே இணங்கி நடப்பதாகக் கையொப்பமிட்டு, மேற்றிராணியாரின் அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. மீறியவருக்கு மூன்று மாதச் சிறை. 1664ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டாரை விட ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ தனி வழிபாட்டுக்குக் கூடுவதைத் தடுத்தது. 1665ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கப்பட்ட குருமார் நகரங்களுக்கு ஐந்து மைலுக்குள் வருவதையும் பாடசாலைகளிற் கற்பிப்பதையும் தடைசெய்தது. ஆட்சியாளர் எதற்கு அஞ்சினர் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இத்தனை அடக்குமுறையாலும் மனங்கள் ஒரே அச்சுக்கு வந்தனவா? வரவில்லை, நடிப்புத்தான் வளர்ந்தது. 1661ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகராட்சிப் பதவியை ஏற்பவர் அரச திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற்றிருக்கவேண்டும். ஆகவே வசதிபடைத்த இணங்காதார் ஆண்டில் ஒருமுறை அங்கே போய் நற்கருணை பெற்றுவிட்டு, மற்ற நாட்களில் தம் கூடங்களிலே வழிபட்டனர். இதற்கு ‘சமயத்துக்கு இணங்கல்’ என்றே பெயர் ஏற்பட்டது. 1697இல் லண்டன் நகரபிதாவாயிருந்த ஹம்பிரி எட்வின் காலையில் அரச திருச்சபைக்கும் பின்னர் இணங்காதாரின் கூடத்துக்கும் பதவிச் சின்னங்களோடு சென்றது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஏழைக் குடியானவனுக்கு இவ்வசதி இல்லை. பெட்போர்ட் நகரில் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்த ஜோன் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தார். சட்டம் ஒன்றுதான்; செல்வனுக்கு அது ஒரு நாள் நடிப்பு, தொழிலாளிக்குச் சிறை.

பல்கலைக்கழகக் கதவுகளும் இவர்களுக்கு அடைக்கப்பட்டன. ஆகவே அவர்கள் தாமே கல்விக்கூடங்களை நிறுவினர். டானியல் டீபோ அத்தகைய கூடமொன்றிற் பயின்றவர். ஒட்சிசனை ஆராய்ந்த ஜோசப் பிரீஸ்ற்லி வாறிங்டன் கல்விக்கூடத்திற் கற்பித்தவர். 1791இல், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த குற்றத்துக்காக, பர்மிங்ஹாம் நகரிலே இதே பிரீஸ்ற்லியின் வீட்டையும் ஆய்வுகூடத்தையும் ஒரு கும்பல் அழித்தது. பதவிக்கான தடை 1828இல் நீங்கியது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் எஞ்சியிருந்த சமயச் சோதனைகளிற் பெரும்பாலானவை 1871 வரை நீடித்தன. வசையாக எழுந்த பெயரை இவர்களின் பேரப்பிள்ளைகள் பெருமையோடு சூடிக்கொண்டனர்.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்துவிடல் ஆகாது. இணங்க மறுத்தவர் எல்லாரும் பிறருடைய மறுப்பை மதித்தவரல்லர். அரச திருச்சபையின் நெருக்குதலுக்குத் தப்பி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் கரையிற் குடியேறிய பியூரிற்றன் பிரிவினர், அங்கே அதிகாரம் தம் கைக்கு வந்ததும் தாமும் ஓர் அச்சைச் செய்தனர். மனச்சாட்சியில் அரசு தலையிடலாகாது என்ற ரொஜர் வில்லியம்சை 1635இல் நாடுகடத்தத் தீர்த்தனர். குவேக்கர் சமயத்தவளான மேரி டையர் என்ற பெண்ணை 1660இல் பொஸ்ரன் நகரிலே தூக்கிலிட்டனர். ஒடுக்கப்பட்டவன் என்ற ஒன்றே ஒருவனை நீதிமானாக்கிவிடாது. தான் கேட்ட உரிமையைத் தனக்குக் கீழுள்ளவனுக்கும் கொடுக்கிறானா என்பதைக் கொண்டே அவனை அளக்கவேண்டும்.

இங்கிலாந்துச் சட்டத்துக்கு நான்காண்டுகள் முன், 1658இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களும் இதே அச்சோடுதான் வந்தனர். சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம் என்றனர். கோயிற்பற்றுப் பாடசாலையின் உபாத்தியாயர் தோம்பு ஒன்றை வைத்திருந்தார். பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டன; முதுசத்துக்கு உரிமை கோருபவனுக்கு அதுவே சான்று. ஒருவன் தன் காணியைத் தன் பிள்ளைக்கு விட விரும்பினால் உபாத்தியாயரின் ஏட்டிலே கிறிஸ்தவனாக வாழவேண்டியிருந்தது. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்தமையால், 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்திலே யாழ்ப்பாணத்துக்குள் புகுந்தார். சைவர் விரதமிருந்து உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சிக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது பறங்கியர் காலத்தைப் பற்றி நம் முதியோர் சொல்லிவரும் கதை. ஏட்டிலே ஒன்று, கூரையிலே ஒன்று. 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி போனதும் தோம்பிலிருந்த கிறிஸ்தவரில் மிகப் பலர் அச்சமயத்தை விட்டு நீங்கினர். நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள் அரசு எழுதிவைத்த இணக்கம் அவ்வளவே உறுதியுடையதாயிருந்தது.

இலையைக் கூரையிற் செருகிய அம்மக்களின் துயரை நாம் மதிக்கிறோம். ஆயினும் மசாசூசெற்ஸ் கற்பித்த பாடத்தை நம்மீதும் பிரயோகித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது என்ன? அதுவரை நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறியதைப் பொறாது மனுக்கள் எழுதப்பட்டன; பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் ‘வழக்கம்’ என்பதே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கேட்டு நின்றபோது, கதவை மறித்தவர்கள் இதே சொல்லையே உயர்த்திப் பிடித்தனர். விடயம் நீதிமன்றம் வரை சென்றது.

தமிழில் ‘வழக்கு’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நெடுநாள் நடந்துவருவதும் வழக்கு. நீதிமன்றத்தில் வைத்து விசாரிக்கப்படுவதும் வழக்கு. நெடுநாள் நடந்துவந்தது என்பதனாலேயே ஒன்று விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதை நம் மொழியே நமக்கு நினைவூட்டுகிறது.

இணக்கம் வேண்டாத ஒன்று என்று நாம் கூறவில்லை. தெருவில் ஒரு பக்கமாகச் செல்வதும், சங்கத்தின் பெரும்பான்மைத் தீர்மானத்துக்கு அமைவதும், வேலைநிறுத்த நாளில் தோழரை விட்டுப் பிரியாதிருப்பதும் இணக்கமே. இவை இல்லாமற் சமுதாயம் இயங்காது, போராட்டமும் இயங்காது. ஆனால் மறுக்கும் உரிமை உள்ள இடத்திலே தரப்படும் இணக்கத்துக்கே மதிப்பு உண்டு. மறுத்தால் பதவி போகும், காணி போகும், கூரை எரியும் என்ற நிலையில் பெறப்படுவது பணிவு. அதை இணக்கம் என்று ஏட்டில் எழுதிக்கொள்பவர் ஒல்லாந்தரைப் போலத் தம்மையே ஏமாற்றுகின்றனர்.

1662ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரிடம் கையொப்பம் கேட்டது. ஒல்லாந்தர் உபாத்தியாயரின் கையிலே தோம்பைக் கொடுத்தனர். வாங்கில் யார் அமர்வது என்ற கேள்வியும் வகுப்பறையிலேதான் எழுந்தது. எக்காலத்திலும் அச்சைப் பிடிக்கும்படி அழைக்கப்படுபவர் ஆசிரியரே. ஆகையால் கேள்வி கேட்கும் மாணவனுக்கு நற்சான்று எழுத நேரும்போது, ‘இணக்கமில்லாதவன்’ என்று எழுதப் பேனை நகருமாயின், அவன் எதனோடு இணங்க மறுத்தான் என்பதையும் ஆசிரியர் ஒருகணம் நின்று எண்ணிப் பார்ப்பாராக.